தண்ணீர் சுத்திகரிப்பான் விளம்பரமும், எந்தக் கைபேசி வாங்குவது என்ற கேள்வியும்

நான்கு ஆண்டுகளாக ஓர் ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருக்கிறீர்கள். வீட்டில் தண்ணீர் சுத்திகரிப்பான் வாங்குவதைப் பற்றிப் பேசிய மறுநாளே அதற்கான விளம்பரங்கள் வரிசைகட்டி வந்ததால் கலங்கியிருக்கிறீர்கள். மைத்துனர் ஐபோனுக்கு மாறச் சொல்கிறார். கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகன், இருக்கிற கைபேசியிலேயே கூகுள் இல்லாத வேறொரு இயங்குதளத்தை, அதாவது கைபேசியை ஓட்டும் அடிப்படை மென்பொருளை, ஏற்றித் தருகிறேன் என்கிறான். மூன்றில் எது உங்கள் அந்தரங்கத்தைக் காக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்களைப் பற்றிய தகவலை யார், எந்த வழியாக எடுக்கிறார்கள் என்பது ஒன்று. இயங்குதளத்தை மாற்றினால் அந்த வழிகளில் எவை அடைபடும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்குப் பணம் செலவழிப்பவர்களையே அதிகம் பார்க்கிறேன்.

கைபேசிச் செயலிகளின் பாதுகாப்பைத் தணிக்கை செய்வது என் தொழில். ஒரு செயலி எந்த அனுமதிகளைக் கேட்கிறது, கேட்டதை என்ன செய்கிறது, எந்த முகவரிக்கு எதை அனுப்புகிறது என்று பார்த்து அறிக்கை எழுதுவதே அன்றாட வேலை. ஆகவே நான் எழுதுவது சாதாரணக் குடும்பத்தில், வங்கிக் கணக்கும் வாட்ஸ்அப்பும் பள்ளிக்கூடக் குழுக்களுமாகக் கைபேசியைப் பயன்படுத்துகிறவருக்கானது. அரசோ செல்வாக்கு மிக்க எதிராளியோ குறிவைக்கும் பத்திரிகையாளருக்கும் வழக்கறிஞருக்கும் உரிய ஆலோசனை வேறு. அதைக் கடைசியில் சுருக்கமாகத் தொடுகிறேன்.

முதலில் உங்களை இங்கே வரவழைத்த ஐயம்: கைபேசி நம் பேச்சை ஒட்டுக் கேட்கிறதா? அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளை எடுத்துச் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எந்தச் செயலியும் தானாக ஒலிவாங்கியைத் திறந்து பேச்சைப் பதிவு செய்து அனுப்பியதற்கான சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சில செயலிகள் பயனர் தொடும் திரையையே படமாகவும் காணொளியாகவும் எடுத்து மூன்றாம் நிறுவனங்களுக்கு அனுப்பியது கையும் களவுமாகப் பிடிபட்டது. சான்று கிடைக்கவில்லை என்பது, நடக்கவே முடியாது என்று நிறுவியதாகாது. இருந்தாலும் நாள் முழுவதும் ஒலியைப் பதிவு செய்து அனுப்பினால் மின்கலமும் தரவும் கரைவது வெளியே தெரிந்துவிடும். மேலும் 2020இல் வந்த ஐஓஎஸ் 14 (ஐபோனின் இயங்குதளம்), 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 ஆகியவை முதல், ஒலிவாங்கி இயங்கும்போது திரையின் மேல் ஓரத்தில் ஒரு சிறு புள்ளியோ குறியோ ஒளிரும். இதையெல்லாம் தாண்டி ஒட்டுக் கேட்க வேண்டிய தேவையே விளம்பரதாரருக்கு இல்லை என்பதுதான் என் எண்ணம்.

ஏனென்றால் அதைவிட எளிய வழிகள் அவரிடம் இருக்கின்றன. வீட்டில் பேச்சு எழுந்தது என்றால், பேச்சுக்கு முன்போ பின்போ யாராவது ஒருவர் தம் கைபேசியில் விலை பார்த்திருப்பார். வீட்டில் எல்லோரும் ஒரே வைஃபையில் இருந்தால், வெளியுலகுக்கு எல்லோருக்கும் பெரும்பாலும் ஒரே இணைய முகவரிதான் தெரியும். மனைவி தேடியதற்குக் கணவருக்கு விளம்பரம் வருவது இப்படித்தான். இன்னொரு வழி நம் ஊர்க் கடைகளில் இருக்கிறது. துணிக்கடையிலோ வீட்டு உபயோகப் பொருள் கடையிலோ பில் போடுபவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "செல் நம்பர் சொல்லுங்க" என்கிறார். நாமும் பின்னால் வரிசையில் நிற்பவர் காது கேட்கப் பத்து இலக்கங்களையும் ஒப்பிக்கிறோம். அந்த எண்களின் பட்டியலை விளம்பரத் தளத்தில் ஏற்றி, "இந்த எண்களுக்கு உரியவர்களுக்கும் இவர்களைப் போன்றவர்களுக்கும் விளம்பரத்தைக் காட்டு" என்று கேட்கும் வசதியைப் பெரிய விளம்பர நிறுவனங்கள் எல்லாமே தருகின்றன. இதில் உங்கள் கைபேசியின் இயங்குதளத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. உங்கள் வீட்டு விளம்பரம் இவற்றில் எந்த வழியாக வந்தது என்று இங்கிருந்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஐபோன் வாங்கியிருந்தாலும் அது வந்திருக்கலாம் என்று மட்டும் சொல்ல முடியும்.

இனி இயங்குதளத்துக்கு வருவோம். இதில் வதந்தியை விட்டு அளவீட்டைப் பிடித்துக்கொள்வது நல்லது. டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021இல் ஒரு கூகுள் பிக்சலையும் ஓர் ஐபோனையும் எடுத்து, அவை தத்தம் நிறுவனங்களுக்கு என்ன அனுப்புகின்றன என்று அளந்தார். பயன்பாட்டுத் தகவல் அனுப்ப வேண்டாம் என்று அமைப்புகளில் சொல்லியிருந்தும், சும்மா கிடந்த நிலையிலும், இரண்டுமே சராசரியாக நான்கரை நிமிடத்துக்கு ஒருமுறை தாய் நிறுவனத்தைத் தொடர்பு கொண்டன. கருவியின் வரிசை எண், ஒவ்வொரு கைபேசிக்கும் தனித்துள்ள ஐஎம்இஐ எண், சிம் பற்றிய விவரங்கள் ஆகியவை இரண்டிலுமே போயின. அளவில்தான் பெரிய வேறுபாடு: சும்மா கிடந்த பிக்சல் 12 மணி நேரத்தில் கூகுளுக்கு ஏறக்குறைய 1 எம்பி அனுப்பியது, ஐபோன் ஆப்பிளுக்கு அனுப்பியது 52 கேபி, அதாவது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. கூகுள் இந்த அளவீட்டு முறையை ஏற்கவில்லை. கைபேசி ஒழுங்காக இயங்கவும் புதுப்பிப்புகள் வந்து சேரவும் இத்தகைய தொடர்பு தேவை என்றது. அது முற்றிலும் பொய்யும் அல்ல. தரவின் அளவு அதிகம் என்பதாலேயே தீங்கும் அத்தனை மடங்கு என்று கணக்குப் போட முடியாது. ஆயினும் இரண்டு நிறுவனங்களின் வருமான வழியை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கூகுளின் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது. ஆப்பிளின் வருமானத்தில் பெரும்பங்கு பொருள் விற்பனையிலிருந்து வருகிறது. உங்களை அறிந்துகொள்வதில் யாருக்கு அதிக ஆதாயம் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

ஆனால் நம் நாட்டில் பலர் வைத்திருப்பது கூகுளின் பிக்சல் அல்ல. விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசியில் கூகுளுக்கு மேலே இன்னோர் அடுக்கு உட்கார்ந்திருக்கிறது: கைபேசியைத் தயாரித்த நிறுவனம். அதே லீத், எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2021 அக்டோபரில் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஐரோப்பாவில் விற்கும் சாம்சங், ஷாவ்மி, ஹுவாவே, ரியல்மீ கைபேசிகளைச் சோதித்தார்கள். அவை தயாரிப்பாளருக்கும், முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்த செயலிகளின் வழியே மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் போன்ற பிறருக்கும் தகவல் அனுப்பின. சோதிக்கப்பட்ட ஷாவ்மி கைபேசி, பயனர் எந்தச் செயலியின் எந்தத் திரையை எப்போது, எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதையே தயாரிப்பாளருக்கு அனுப்பியது. இது ஐரோப்பியப் பதிப்பைப் பற்றியது, அதுவும் சில ஆண்டுகள் பழையது. உங்கள் கையிலிருக்கும் மாடலுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. இருந்தாலும், விலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு விளம்பரத்திலும் முன்கூட்டியே ஏற்றிய செயலிகளிலும் ஈடுகட்டும் வணிகமுறை இங்கும் அதுவே என்பதை, புதுக் கைபேசியைத் திறந்ததும் நீங்கள் கேட்காமலே வரிசையாக நிற்கும் விளையாட்டுச் செயலிகளும் கடன் செயலிகளும் சொல்லிவிடும்.

இதை நீங்களே பார்க்கலாம். நான் ஒரு கைபேசியை ஆராயத் தொடங்கும்போது முதலில் அதைத் தொடாமல் மேசையில் வைத்துவிட்டு, அது இணையத்தில் எந்தெந்தத் தளப் பெயர்களைத் தேடுகிறது என்று வைஃபை ரவுட்டரில் பதிவு செய்வேன். நள்ளிரவில் யாரும் தொடாத விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசியின் பட்டியலில் கூகுளின் முகவரிகள் வரும். அடுத்துத் தயாரிப்பாளரின் முகவரிகள். அடுத்து விளம்பர நிறுவனங்களுடையவை. கடைசி வகையைப் பின்தொடர்ந்து போனால் பெரும்பாலும் ஒரு டார்ச் செயலியிலோ, ராசிபலன் செயலியிலோ, பிள்ளைகள் ஏற்றிய விளையாட்டிலோ போய் முடியும். அந்தச் செயலியை நீக்கிவிட்டு மறுநாள் பார்த்தால் பட்டியல் கண்ணெதிரே சுருங்கியிருக்கும். இயங்குதளத்தை மாற்றாமலேயே கிடைக்கும் பலன் இது.

இதே இடத்தில் ஐபோன் எதில் மெய்யாகவே மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அவர் நினைக்கும் பாதி அதுவாக இல்லாமலும் போகலாம். என் பார்வையில் ஐபோனின் பெரிய பலம், ஒரு செயலியால் உங்கள் எஸ்எம்எஸ்களைப் படிக்கவும், அழைப்புப் பட்டியலை அள்ளவும் முடியாது என்பதுதான். யுபிஐ செயலியை முதன்முதலில் பதியும்போது வேறுபாடு கண்ணில் படும்: ஆண்ட்ராய்டில் அனுமதி கொடுத்ததும் செயலியே எஸ்எம்எஸ் அனுப்பிக்கொள்கிறது; ஐபோனிலோ செய்தி எழுதும் பெட்டி திறந்து, நீங்களே அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறது. சிறு தொல்லைதான். ஆனால் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வருகிற ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் கோப்பு) அழுத்தி, ஓடிபிகளைப் பறிகொடுத்து, வங்கிக் கணக்கைத் துடைக்கவிட்டவர்கள் எல்லோரும் ஆண்ட்ராய்டு வைத்திருந்தவர்கள். செயலிக் கடைக்கு வெளியிலிருந்து வரும் அந்தக் கோப்பு ஐபோனில் ஏறவே ஏறாது. வீட்டில் வயதானவர்கள் வருவதையெல்லாம் அழுத்துகிறவர்களாக இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே ஐபோனைப் பரிந்துரைப்பேன்.

விளம்பரப் பின்தொடர்தலிலும் ஆப்பிள் ஒரு காரியம் செய்தது. 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், பிற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர வேண்டுமானால் செயலி உங்களிடம் கேட்டாக வேண்டும். இதனால் 2022இல் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொன்னது. கடித்த கடி வலித்திருக்கிறது என்று பொருள். ஆண்ட்ராய்டிலும், விளம்பரத்துக்காக உங்கள் கைபேசியை இனங்காட்டும் விளம்பர அடையாள எண்ணை இப்போது அழித்துவிடலாம். ஆனால் அது அமைப்புகளுக்குள் நாமே தேடிப் போய் அழிக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஐபோனிலோ கேள்வி உங்களைத் தேடி வருகிறது. மக்கள் அமைப்புகளுக்குள் போவதில்லை என்பது இரு நிறுவனங்களுக்கும் தெரியும்.

அதற்காக ஆப்பிளை அந்தரங்கத்தின் காவல் தெய்வமாக்கிக் கும்பிட வேண்டியதில்லை. ஐபோனின் குரல் உதவியாளரான சிரியிடம் பேசியவர்களின் பதிவுகளை ஒப்பந்தப் பணியாளர்கள் கேட்டுவந்தது 2019இல் வெளியாகி, ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. அது தொடர்பான வழக்கை 9.5 கோடி டாலருக்கு முடித்துக்கொள்ள 2025 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. கூகுளைத் தன் சஃபாரி உலாவியில் முதன்மைத் தேடுபொறியாக வைத்திருப்பதற்காக 2022இல் மட்டும் ஏறத்தாழ 2,000 கோடி டாலர் பெற்றது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. அதாவது ஐபோன் வாங்கியவரின் தேடல்களும், அவர் மாற்றாத வரை, கூகுளுக்கே போகின்றன. ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுடில் நீங்கள் வைக்கும் கைபேசிக் காப்புநகலின் சாவி, நீங்களாகப் போய் 'மேம்பட்ட தரவுப் பாதுகாப்பு' என்பதை இயக்காத வரை, ஆப்பிளிடமும் இருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு மாற்றுச் சாவியை வீட்டு உரிமையாளரிடம் கொடுத்துவைப்பதைப் போன்றது இது: சாவி தொலைந்தால் உதவும், காவல்துறை அவரிடம் கேட்டாலும் உதவும். பிரிட்டிஷ் அரசின் நெருக்கடிக்குப் பின் 2025 பிப்ரவரியில் அந்த வசதியை அந்நாட்டுப் பயனர்களிடமிருந்தே ஆப்பிள் விலக்கிக்கொண்டது. நிறுவனத்தின் கொள்கை எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், அது நாட்டின் சட்டத்துக்குக் கீழேதான்.

கூகுளின் கணக்கிலும் இப்படி ஒன்று இருக்கிறது. அது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். இருப்பிட வரலாற்றை நிறுத்திவைத்த பிறகும், 'இணையம் மற்றும் செயலிச் செயல்பாடு' என்ற வேறோர் அமைப்பின் வழியே கூகுள் இருப்பிடத்தைச் சேமித்தது 2018இல் தெரியவந்தது. இதற்காக 2022 நவம்பரில் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தர உடன்பட்டது. ஒரு பொத்தானை அணைத்தால் எல்லாம் அணைந்துவிட்டது என்று எண்ணக் கூடாது என்பதற்கு இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

அண்ணன் மகனின் யோசனைக்கு வருகிறேன். அவன் சொல்வதில் அறிவு இருக்கிறது, ஆனால் அவன் ஏற்றித் தரப்போவது எது, எந்தக் கைபேசியில் என்பதைப் பொறுத்து அது மிகப் பாதுகாப்பானதாகவும் இருக்கலாம், இப்போதிருப்பதைவிட மோசமானதாகவும் ஆகலாம். ஆண்ட்ராய்டின் அடிப்படை மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. அதை எடுத்துக் கூகுளின் சேவைகளை நீக்கிப் பலர் தனித்தனி இயங்குதளங்கள் செய்கிறார்கள். முன்சொன்ன 2021 அக்டோபர் ஆய்வில் கிட்டத்தட்ட எதையுமே வெளியே அனுப்பாதது, பிரெஞ்சுக்காரரான கேல் துவால் தொடங்கிய ஈ-ஓஎஸ் ஒன்றுதான். அதே ஆய்வில், இத்தகைய இன்னோர் இயங்குதளமான லினியேஜ்ஓஎஸ் ஏற்றிய கைபேசி, மேலே கூகுள் சேவைகளைச் சேர்த்துப் பயன்படுத்தியபோது, கூகுளுக்கு வழக்கம்போலத் தகவல் அனுப்பியது. பெயரை மாற்றிவிட்டு ப்ளே ஸ்டோரை மறுபடி ஏற்றிக்கொண்டால் சுற்றி வந்து பழைய இடத்திலேயே நிற்கிறோம்.

இதைவிட முக்கியமானது, கைபேசியை இயக்கியதும் முதலில் ஓடி இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் பூட்லோடர் என்ற நிரல். வேறு இயங்குதளம் ஏற்ற வேண்டுமானால் அதன் பூட்டைத் திறக்க வேண்டும். பெரும்பாலான கைபேசிகளில், ஏற்றிய பிறகு அதை மறுபடி பூட்ட முடியாது. பூட்டாத கைபேசி, தான் தொடங்கும்போது தன் இயங்குதளத்தை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று சரிபார்க்கும் ஆற்றலை இழக்கிறது. கைபேசி திருடு போனாலோ, பழுது பார்க்கும் கடையில் இரண்டு நாள் கிடந்தாலோ இதன் விலை தெரியும். கோபுரத்தோடு தொடர்பு கொள்ளும் மோடம் போன்ற உட்பாகங்களுக்கான நிரல் திருத்தங்கள் தயாரிப்பாளரிடமிருந்துதான் வர வேண்டும். அவர் நிறுத்திவிட்டால், மேலே எவ்வளவு புதிய ஆண்ட்ராய்டு ஓடினாலும் அடியில் பழைய ஓட்டைகள் அப்படியே இருக்கும். ஆகவே, கூகுளிடமிருந்து மறைவதற்காகத் திருடனுக்குக் கதவைத் திறந்துவைக்கும் நிலை வரக்கூடும். அந்தரங்கமும் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பது இங்கேதான் உறைக்கும்.

இந்தக் குறை இல்லாத மாற்று என்று நான் தயங்காமல் சொல்வது, ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலிலிருந்தே செய்யப்பட்ட கிராஃபீன்ஓஎஸ். அது இப்போதைக்குக் கூகுளின் பிக்சல் கைபேசிகளில்தான் ஓடுகிறது என்பது வேடிக்கை. கூகுளிடமிருந்து தப்பிக்கக் கூகுளிடமே கைபேசி வாங்க வேண்டும். ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது: வேறு இயங்குதளம் ஏற்றிய பின்னும் பூட்லோடரைச் சரியாகப் பூட்டிக்கொள்ள பிக்சல் இடம் தருகிறது, 2023இல் வந்த பிக்சல் 8 முதல் ஏழு ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பும் உண்டு. கிராஃபீனில் கூகுள் சேவைகளைச் சிறப்புரிமை ஏதுமில்லாத சாதாரணச் செயலியாக, கூண்டுக்குள் வைத்து இயக்கலாம். ஒவ்வொரு செயலிக்கும் இணைய அனுமதியையே மறுக்கலாம். சிக்கல் வங்கிகளால் வருகிறது. கைபேசி கூகுள் சான்றளித்த நிலையில் இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் சில வங்கி, யுபிஐ செயலிகள் திறக்கின்றன. அந்தச் சோதனையில் கிராஃபீன் தேறுவதில்லை, அது எவ்வளவு பாதுகாப்பானதாக இருந்தாலும். இன்று ஓடும் செயலி அடுத்த புதுப்பிப்பில் நின்றுவிடலாம். தெருமுனைத் தேநீர்க் கடையில்கூடப் பணத்தாள் நீட்டினால் சில்லறை இல்லை என்கிற ஊரில் இது சிறிய குறையல்ல. இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் பணப் பரிமாற்றத்துக்கு இரண்டாவது கைபேசி ஒன்றை வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அது ஒத்துவருமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சென்னை ஐஐடியில் உருவான நிறுவனம் ஒன்று 2023 ஜனவரியில் அறிமுகப்படுத்திய பார்ஓஎஸ் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை அடியாகக் கொண்டு, முன்கூட்டியே ஏற்றிய செயலிகள் எதுவும் இல்லாமல் வருவது அதன் சிறப்பாகச் சொல்லப்பட்டது. ஆனால் அறிமுகமானபோதே அது கடுமையான பாதுகாப்புத் தேவை உள்ள அமைப்புகளுக்கு உரியதாகத்தான் முன்வைக்கப்பட்டது; கடைக்குப் போய்க் கேட்டு வாங்கும் பொருளாக அதை எண்ண வேண்டாம். லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளத்தில் ஓடும் கைபேசிகளான பைன்ஃபோன், லிப்ரெம் 5 ஆகியவை ஆர்வலர்களுக்கு உரியவை.

எந்த இயங்குதளத்தாலும் அடைக்க முடியாத வழிகளும் உண்டு. சிம் போட்ட நொடியிலிருந்து உங்கள் கைபேசி எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறது என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியும். யாரை, எப்போது, எவ்வளவு நேரம் அழைத்தீர்கள் என்ற பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதிகள் திருத்தப்பட்டன. ஐபோனானாலும் கிராஃபீனானாலும் இதில் மாற்றமில்லை. வாட்ஸ்அப் செய்திகள் வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கப்பட்டுப் போகின்றன. ஆனால் அவற்றின் காப்புநகல் கூகுள் ட்ரைவிலோ ஐகிளவுடிலோ ஏறும்போது, அதற்கென்று தனியாகக் கடவுச்சொல் வைத்துப் பூட்டும் வசதி 2021 அக்டோபரில்தான் வந்தது. அதையும் நீங்கள் இயக்கினால்தான் உண்டு. நீங்கள் இயக்கியும் எதிர்முனையில் இருப்பவர் இயக்கவில்லையென்றால், அதே உரையாடல் அவர் பக்கத்தில் பூட்டாமல் கிடக்கும்.

தீங்கு என்று பார்த்தால், கூகுளும் ஆப்பிளும் சேகரிப்பதைவிடச் சிறு செயலிகள் அள்ளியதுதான் நம் மக்களைக் கண்ணீர்விட வைத்தது. கடன் செயலிகளை நினைத்துப் பாருங்கள். ஐயாயிரம் ரூபாய்க்கு அவசரப்பட்டவரிடம் தொடர்புகள், படங்கள், அழைப்புகள் என்று மூன்று அனுமதிகளை அடுத்தடுத்துக் கேட்டார்கள். அவரும் கடன் கிடைத்தால் போதும் என்று மூன்றையும் அழுத்தினார். தவணை ஒருநாள் தவறியதும் அவருடைய மாமனாருக்கும் அலுவலக மேலாளருக்கும் செய்தி போனது. சிலருக்கு வெட்டி ஒட்டிய ஆபாசப் படங்களும் போயின. கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நின்றதற்குப் பதிலாகத் தொடர்புப் பட்டியலுக்குள் வந்து நின்றான். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் கடன் செயலிகள் தொடர்புகளையும் அழைப்புப் பட்டியலையும் தொடக் கூடாது என்றது. கூகுள் 2023 மே 31 முதல் தன் செயலிக் கடையில், கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் தொடுவதைத் தடை செய்தது. கடைக்கு வெளியே ஏபிகேயாக வருபவற்றுக்கு அந்தத் தடை ஏது?

விசைப்பலகையும் இதே வகைதான், நாம் அதை எண்ணிப் பார்ப்பதே இல்லை. தமிழில் தட்டச்சு செய்வதற்காக ஏதோவொரு இலவச விசைப்பலகைச் செயலியை ஏற்றியிருப்பவர்கள், தாம் எழுதும் ஒவ்வோர் எழுத்தும் அதன் வழியாகவே போகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஏஐ.டைப் என்ற விசைப்பலகைச் செயலியின் 3.1 கோடிப் பயனர்களின் தகவல்கள் 2017இல் பூட்டப்படாத ஒரு தரவுத்தளத்தில் கிடந்தன. அவற்றில் பயனர்களின் தொடர்புப் பட்டியல்களும் இருந்தன. ஐபோனில் அஞ்சல், தமிழ்99 ஆகிய இரண்டு தமிழ் விசைப்பலகைகளும் இயங்குதளத்துக்குள்ளேயே உள்ளன. ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டு தமிழுக்குப் போதுமானது. தெரியாதவர் செய்த விசைப்பலகையைவிட, ஏற்கெனவே உங்களைத் தெரிந்த கூகுளின் விசைப்பலகை தேவலாம் என்பது என் கருத்து.

ஆகவே என் பரிந்துரை இது. உங்கள் கைபேசிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு இன்னும் வந்துகொண்டிருந்தால், புதிதாக எதையும் வாங்க வேண்டாம். ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, மூன்று மாதமாகத் தொடாத செயலிகளையெல்லாம் நீக்குங்கள். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், அமைப்புகளில் அந்தரங்கத்துக்கான பகுதியில் கடந்த 24 மணி நேரத்தில் இருப்பிடம், ஒலிவாங்கி, ஒளிப்படக்கருவி ஆகியவற்றை எந்தச் செயலி எத்தனை மணிக்குத் தொட்டது என்று நேரவாரியாகக் காட்டும். அதில் உங்களுக்கு விளங்காத பெயர் எதுவானாலும் அதன் அனுமதியைப் பறியுங்கள். மெய்யாகவே தேவைப்பட்டால் அது மறுபடி கேட்கும். விளம்பர அடையாள எண்ணை அழியுங்கள். கூகுள் கணக்கில் இணையம் மற்றும் செயலிச் செயல்பாட்டையும் இருப்பிடப் பதிவையும் தனித்தனியே நிறுத்துங்கள். வாட்ஸ்அப் காப்புநகலுக்குக் கடவுச்சொல் வையுங்கள், அதை மறந்தால் நகலும் போய்விடும் என்பதால் வீட்டில் ஒரு தாளிலும் எழுதிவையுங்கள். 'அறியாத இடத்திலிருந்து செயலி நிறுவுதல்' வாட்ஸ்அப்புக்கும் உலாவிக்கும் மறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

புதுப்பிப்பு நின்றுபோயிருந்தால் புதிது வாங்கத்தான் வேண்டும். அப்போது எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு என்று நிறுவனம் எழுத்தில் தந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கேமராவின் மெகாபிக்சலைப் பிறகு பார்க்கலாம். 2018இல் வெளிவந்த ஐபோன் எக்ஸ்எஸ், 2024இன் ஐஓஎஸ் 18 வரை பெற்றது. ஆண்ட்ராய்டில் பிக்சலும் சாம்சங்கின் உயர்விலைக் கைபேசிகளும் இப்போது ஏழு ஆண்டுகள் தருகின்றன. 2024இல் 20,000 ரூபாய்க்குள் அறிமுகமான சாம்சங் ஏ16க்கே ஆறு ஆண்டுகள் என்று சொல்லியிருக்கிறார்கள். பணம் இடம் கொடுத்தால் ஐபோன். இல்லையென்றால் நீண்ட புதுப்பிப்பு உள்ள ஆண்ட்ராய்டு. கிராஃபீன், அண்ணன் மகன் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வான் என்றால் மட்டும். பழைய கைபேசியில் லினியேஜ் ஏற்றி அதிலேயே வங்கிக் கணக்கை வைத்துக்கொள்வது மட்டும் வேண்டாம்.

தாங்கள் குறிவைக்கப்படக்கூடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு வரி: பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள்கள் ஐபோனையும் ஆண்ட்ராய்டையும் பேதமின்றித் தாக்கியிருக்கின்றன. ஐஓஎஸ் 16 முதல் உள்ள, தாக்குதலுக்கு இடம் தரும் வசதிகளை முடக்கும் லாக்டவுன் முறையையும் ஆண்ட்ராய்டு 16இல் வந்த மேம்பட்ட பாதுகாப்பு முறையையும் இயக்குவது அவர்களுக்கான தொடக்கம். அதற்கு மேல், கைபேசியை நேரில் ஆராயக்கூடிய வல்லுநரிடம் போக வேண்டும்.

உங்கள் கைபேசியின் மாடல் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. அமைப்புகளில் 'கைபேசியைப் பற்றி' என்ற பகுதிக்குள் ஆண்ட்ராய்டு பதிப்பை அழுத்தினால், பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று ஒரு தேதி இருக்கும். அது ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால் மேலே சொன்ன மாலைப்பொழுது வேலையே போதும். ஓராண்டைத் தாண்டியிருந்தால் மாடல் பெயரையும் தேதியையும் எழுதுங்கள், வாங்குவதா காத்திருப்பதா என்று பார்த்துச் சொல்கிறேன்.